ரோமாபுரிச் சாவும் என் கல்யாண ஓலையும்

ஈஸ்டருக்கு மறுநாள் போப் இறந்துபோனார். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, அண்ணன் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அண்ணி ஒரு டம்ளர் காபியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறிப்போகிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. போச்சு, இதையும் ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் தோன்றியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். அவ்வளவு அசதி.

எதற்குச் சாக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வயது நாற்பத்தொன்று. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அம்மா போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவும் போனார். அண்ணனுக்கு அப்போது மீசை முளைக்கிற வயது. அப்பா வேலை செய்த அதே தோல் ஷாப்பில், அப்பா நின்ற அதே சுண்ணாம்புத் தொட்டியில் போய் இறங்கினார். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம். அந்தத் தொட்டியில் நின்றுதான் என்னைப் படிக்க வைத்தார், சோறு போட்டார். அதனால் அவர் மாதா கோவிலில் வந்து நிற்காமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போ, வேலை முடிந்தது என்று சொன்னவர்கள் நிறைய. அவர்களை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டவில்லை போலிருக்கிறது.

மாப்பிள்ளை குடியாத்தத்துக்காரர். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. வீட்டோடு சில விசைத்தறிகள் போட்டு லுங்கி நெய்கிறார்கள். தறியில் விழுகிற வேஸ்ட் துணியைக் கட்டுக் கட்டாக எங்கள் கம்பெனிக்குக் கொண்டுவருவார். ஷூவில் வழியும் பசையைத் துடைக்க அந்தத் துணிதான் எங்களுக்கு வேண்டும். ஒருமுறை அவர் கொண்டுவந்த கட்டில் சாயம் போய், வெள்ளை ஷூ ஒரு லாட் முழுவதும் நீலமாகிவிட்டது. கம்பெனி கேட்டுக்கே வரவழைத்துக் கிழி கிழி என்று கிழித்தேன். மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மறுவாரம் ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சாயம் போகவில்லை என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் இறக்கினார். அப்படி ஆரம்பித்தது. இந்த வயதில் அதைக் காதல் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான்.

அவர்கள் இந்து, நாங்கள் கத்தோலிக்கர்கள். அவர்கள் ஜாதி வேறு, எங்கள் ஜாதி வேறு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. தோல் ஷாப்பில் இறங்குகிறவர்கள் யார், தறியில் உட்காருகிறவர்கள் யார் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஞானஸ்நானம் வாங்கினாலும் தெரியும். இரண்டு வீட்டாரும் பார்த்துப் பேசியது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலில். எங்கள் தெருவுக்கு அவர்கள் வரவில்லை. வாருங்கள் என்று நாங்களும் கூப்பிடவில்லை. அவருடைய அம்மா கையோடு ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தார். அண்ணன் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓட்டல் தண்ணீர் ஒத்துக்கொள்ளாத வயதானவருடைய பாட்டிலாகவும் இருக்கலாம். அண்ணன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பேச்சு எதுவும் ஓடாமல் இருந்தபோது அண்ணன் தன் போனை எடுத்து அந்த அம்மாவிடம் காட்டினார். போனின் முகப்பில் போப் படம். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை, எங்களுக்கெல்லாம் அப்பா இவர்தான் என்றார். எல்லாரிடமும் சொல்வதைத்தான் அங்கும் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை நன்றாகப் பார்த்தார். வயசாயிடுச்சே, யார் கூட இருந்து பார்த்துக்கிறாங்க என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு காபியைக் குடித்தேன்.

நிச்சயம் ஆனது. தேதிதான் ஆகவில்லை. ஆடி மாதம் அவர்களுக்கு ஆகாது. மார்கழி அவர்களுக்கு ஆகாது, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் என்று எங்களுக்கும் ஆகாது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுவதும் எங்களுக்கு ஆகாது. அவர்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊரிலேயே ஒரு கல்யாணம் கிடையாது. இரண்டு மதத்தின் ஆகாத நாட்களையும் கழித்துப் பார்த்தால் வருஷத்தில் மிச்சம் இருப்பதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் எங்கள் கம்பெனியில் சீசன் வந்து லீவு தரமாட்டார்கள். ஒவ்வொரு தடவை தேதி தள்ளும்போதும் அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதை நான் பார்ப்பேன். பார்த்ததை அவரிடம் சொல்லமாட்டேன்.

கடைசியில் வைகாசியில், அம்மன் திருவிழாவும் முடிந்தபின், ஒரு முகூர்த்தம் இரண்டு பக்கமும் ஒத்துவந்தது. எங்கள் கோவிலில் கல்யாணம், அன்று சாயங்காலமே அவர்கள் ஊரில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. வேறு மதத்தவரைக் கட்டுவதற்கு ஆயரின், அதாவது பிஷப்பின், அனுமதியும் வந்துவிட்டது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு கோவிலில் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவிப்பதுதான் ஓலை. எங்கள் பங்குக் கோவிலில் அதை வாசிப்பவர் அண்ணன்; வேலை நேரம் போக, மணி அடிப்பது முதல் அங்கே எல்லாம் அவர்தான்.

அதற்குள்தான் போப் இறந்துபோனார்.

அண்ணனின் அழுகை பொய்யில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று பூசையில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரையும் வருஷா வருஷம் வீடு வீடாகப் போய்ப் பிடித்துவருவது அண்ணன்தான். தான் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சுண்ணாம்பிலும் மருந்துத் தண்ணீரிலும் நின்று நின்று அவர் பாதம் வெடித்து, நகங்கள் கருத்துப்போயிருக்கும். சாமியார் கையில் அதைக் கொடுக்க அவருக்கு மனசு வராது. இந்த போப்தான் ஜெயிலுக்குப் போய்க் கைதிகளின் காலைக் கழுவி முத்தம் கொடுத்தவர். அதை டிவியில் பார்த்த அன்று அண்ணன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் அந்தப் படத்தை பிரேம் போட்டு வாங்கிவந்து அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

இப்போது அந்தப் படத்துக்கு மாலை போட்டார். வாசலில் ஒரு கறுப்புத் துணி கட்டினார். கறி வேண்டாம் என்றார். பக்கத்து வீட்டில் ஒருத்தர், என்னப்பா உங்க வீட்ல சாவா என்று கேட்டுவிட்டு, விஷயம் தெரிந்ததும் சிரித்துக்கொண்டே போனார். தோல் ஷாப்பில் லீவு கேட்டதற்கு மேனேஜர், போப்புக்கெல்லாம் லீவு கிடையாது என்றாராம். கோவிலில்கூட ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, அடுத்ததாக மாதாவுக்குக் குகை மாதிரி கெபி கட்டுவதற்கான நன்கொடை அறிவிப்புக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் என்ன பெரிதாகச் செய்தேன்? ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கல்யாணக் கணக்கிலேயே இருந்தேன்.

அந்த வாரம் எங்கள் கம்பெனிக்கு இத்தாலியிலிருந்து, ஷூ வாங்குகிற பையரின் ஆள் வந்தார், சரக்கைச் சோதிக்க. லைனில் இருந்த கிறிஸ்தவப் பெண்கள் எல்லாரும் அவரிடம் போய்த் துக்கம் விசாரித்தார்கள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையை விரித்தார். சின்ன வயதில் கோவிலுக்குப் போனதோடு சரி என்று சொல்லிவிட்டு, ஒரு ஷூவின் தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார். பெண்கள் ஏமாந்துபோய் மெஷினுக்குத் திரும்பினார்கள். அந்த ஊர்க்காரருக்கே இல்லாத துக்கம் எங்கள் வீட்டுக்கு எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. சனிக்கிழமையே அண்ணன் ஓலையை நிறுத்திவிட்டார். போப் நாற்காலி காலியாக இருக்கும்போது இந்த மாதிரி அனுமதிக் கல்யாணம் செல்லாது என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். எனக்குத் தெரியும் என்றார். பங்கு சாமியாரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். அனுமதி ஆயர் கொடுத்தது, போப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது செல்லும் என்றார். அப்படியானால் நீங்களே ஓலையை வாசியுங்கள் சாமி என்றேன். அவர் முகம் மாறியது. அண்ணன் இல்லாமல் அந்தப் பங்கில் மணிகூட அடிக்காது. நீயே அவரைக் கொஞ்சம் சமாதானப்படுத்தும்மா, புது போப் வந்ததும் அவரே வழிக்கு வருவார் என்று என்னையே திருப்பி அனுப்பினார். வருகிற வழியில் பாதி கட்டி நிற்கிற மாதா கெபிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஜெபிக்கவில்லை, கால் வலித்தது.

இது போதாது என்று குடியாத்தத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அவர் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருடைய அம்மா டிவியில் போப்பின் அடக்கத்தைப் பார்த்திருக்கிறார். ஓட்டலில் போனில் பார்த்த முகம் அடையாளம் தெரிந்துவிட்டது. "பொண்ணு வீட்டுப் பெரியவரு போய்ட்டாரு. காரியம் முடியட்டும். அடுத்தவருக்கு உருமா கட்டட்டும். அதுக்கு முன்ன கல்யாணப் பேச்சு எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றாராம்.

உருமா கட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லா ஜாதியிலும் உண்டு. வீட்டுப் பெரியவர் இறந்து காரியம் முடிகிற அன்று, சம்பந்தம் பண்ணிக்கொண்ட வீட்டார் புதுத்துணி எடுத்துவந்து மூத்த மகன் தலையில் கட்டுவார்கள். இனி இந்த வீட்டுக்கு நீதான் என்பதற்கு அடையாளம். எங்கள் அப்பா இறந்தபோது அண்ணனுக்கு யாரும் கட்டவில்லை. கட்ட வேண்டிய தாய்மாமன் அப்போது வேறு ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போய்விட்டார், இதெல்லாம் அஞ்ஞானிகள் பழக்கம் என்று வராமல் இருந்துவிட்டார். அண்ணன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு, மறுநாள் நேராக வேலைக்குப் போனார். எனக்கு அப்போது விவரம் புரியாத வயது, இதைப் பின்னால் எனக்குச் சொன்னது அண்ணி. அண்ணன் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த அம்மாவின் செய்தியை நான் மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோமில் இருக்கிறவர் எங்கள் வீட்டுப் பெரியவர் என்று ஒருத்தர் நிஜமாகவே நம்புவார் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்வாங்க ஒரு வழி கிடைத்ததென்று பிடித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். அண்ணனோ, பார்த்தியா, அவங்களே தள்ளிப்போடச் சொல்றாங்க என்றார். எங்கோ இறந்துபோன ஒரு நல்ல மனிதர் இரண்டு பக்கமும் குறுக்கே படுத்திருந்தார். அன்று ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வைகாசியும் தவறினால் இந்தக் கல்யாணமே வேண்டாம். குடியாத்தத்துக்காரர் காத்திருப்பார், அவருக்கு அந்தப் பொறுமை உண்டு. எனக்குத்தான் இனிமேல் முடியாது. எதிர்பார்த்து எதிர்பார்த்து உடம்பு நொந்துவிட்டது.

பிறகு புது போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தேர்தல் என்றால் எங்கள் பஸ்ஸில் எல்லாருக்கும் ஒரு குஷி. எந்த நாட்டுக்காரர் வருவார், நம் நாட்டவர் வருவாரா, கறுப்பர் ஒருவர் வரட்டுமே, தெருத் தெருவாக ஓட்டுக் கேட்பார்களா என்று பேச்சு. பக்கத்து சீட்டு முஸ்லிம் பெண்ணுக்குச் சந்தேகம், ஓட்டுச்சீட்டை எரித்துவிட்டால் கள்ள ஓட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று. இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது நான், ஏனென்றால் என் அண்ணன் கோவில்காரர். கறுப்புப் புகை வந்தால் ஆளில்லை, வெள்ளைப் புகை வந்தால் ஆள் வந்தாச்சு என்று நூறாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தேன். புகையைப் பார்த்து நாள் குறிக்கிற நிலைமை ஆயிற்றே என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளைப் புகை வந்த அன்று நான் ஓவர்டைம் முடிந்து வந்து, சாப்பிடாமலேயே படுத்துத் தூங்கிவிட்டேன். கோவில் மணி அடித்ததாம், தெருவில் வெடி போட்டார்களாம், எதுவும் காதில் விழவில்லை. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடை பாய்தான் சொன்னார். "உங்க புது ஆளு வந்துட்டாரும்மா. நல்ல மனுசன் மாதிரிதான் இருக்காரு." அப்படியே பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். ஓலை இந்த ஞாயிறா அண்ணா என்று கேட்டேன்.

"இன்னா பாப்பா அவசரம்? அவரு பதவி ஏத்துக்கட்டும். அதுக்கு ஒரு பூசை இருக்குது. அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

இந்த வயதிலும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. சரி அண்ணா என்றேன். தெருமுனைக்கு வந்து குடியாத்தத்துக்குப் போன் பண்ணினேன். நிறுத்திக்கலாம், என்னால ஆகல என்றேன். அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. அவர், சாப்டியா என்றார். இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஆட்டோவில் உட்கார்ந்து கம்பெனி போகிறவரை அழுதேன். கேட்டில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு லைனுக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். புது போப் வந்துவிட்டதால் அண்ணன் கறுப்புத் துணியை அவிழ்த்துவிட்டார், கறிக்கும் தடை நீங்கியிருந்தது. அண்ணி மாட்டுக்கறி வாங்கி அடுப்பில் வைத்திருந்தார். குழம்பு கொதிக்கிற நேரத்தில் வாசலில் ஒரு நிழல் தெரிந்தது. அவருடைய அம்மா. கையில் ஒரு பை, வெயிலில் நடந்துவந்த வேர்வை. எங்கள் தெருவில், எங்கள் வாசலில். அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார். குழம்பு வாசனை வாசல்வரை போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் எழுந்து நின்றார். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முதலில் சுவரைப் பார்த்தார். மாலை போட்ட போப் படத்துக்கும் அப்பா படத்துக்கும் சேர்த்துக் கும்பிட்டார். அப்புறம் என்னையோ அண்ணியையோ பார்க்காமல் நேராக அண்ணனிடம்தான் பேசினார்.

"தம்பி, சேதி கேட்டதுமே வந்திருக்கணும். எங்க ஊர்ல அம்மனுக்குக் காப்புக் கட்டப் போறாங்க, அந்த வேலையில மாட்டிக்கினேன். பெரியவரு இடத்துல ஆளு உக்காந்துட்டாருன்னு டிவியில பார்த்தேன். அவரு எங்கியோ இருக்காரு. இந்த ஊட்டுக்கு மூத்தவன் நீதானே? நாங்க செய்ய வேண்டியத நாங்கதானே செய்யணும்."

பையிலிருந்து ஒரு துணியை எடுத்தார். விசைத்தறித் துணி இல்லை. அவர் வீட்டில் மூலையில் ஒரு கைத்தறி இன்னும் இருக்கிறது, அதில் அவரே நெய்த வெள்ளைத் துண்டு, ஓரத்தில் சிவப்புக் கரை. அண்ணன் என்னைப் பார்த்தார். இந்த அம்மாவுக்கு யாராவது விளக்கிச் சொல்லுங்களேன் என்கிற பார்வை. நானும் வாயைத் திறந்தேன். போப் எங்கள் உறவுமுறை இல்லை, அவருக்கு இந்த வீட்டில் காரியம் கிடையாது என்று சொல்ல வேண்டியதுதான். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், அண்ணன் அதற்குள் தலையைக் குனிந்துவிட்டார்.

அந்த அம்மா உயரம் குறைவு. எட்டவில்லை. அண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவர் துண்டை விரித்து அண்ணன் தலையைச் சுற்றிக் கட்டி, முனையைச் செருகி, இரண்டு கையாலும் ஒருமுறை அழுத்தினார். அண்ணனுடைய உள்ளங்கால் இரண்டும் பின்னால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தன, வெடிப்பும் கருப்புமாக. அதை மறைக்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

"எங்க அப்பா செத்தப்ப யாரும் வந்து கட்டலம்மா" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தெரியாதுப்பா எனக்கு. தெரிஞ்சிருந்தா அதுக்கும் சேர்த்துப் பெருசா நெய்திருப்பேன்" என்றார் அந்த அம்மா.

அதற்கப்புறம் அவர் பாயில் உட்கார்ந்துகொண்டு சோறு போடச் சொன்னார். உருமா கட்டிய வீட்டில் கை நனைக்காமல் போகக் கூடாதாம். அண்ணி அழாத குறை. என்னக்கா செய்வது என்று என்னிடமே கிசுகிசுத்தார், என்னைவிடப் பெரியவர் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. நான்தான் தைரியமாகப் போய், அம்மா, குழம்பு உங்களுக்கு ஆகாது, ரசம் இருக்குது என்றேன். அவர் அடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தெரிந்துகொண்டார். ரசம் போதும், ஊறுகாய் இருந்தா போடு என்றார். நாங்கள் குடிக்கிற குடத்திலிருந்து மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அவருடைய பாட்டில் அன்று வந்திருக்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் நான் கேட்டேன், தனியாகவா பஸ்ஸில் வந்தீர்கள் என்று. மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டார் என்றார். தெருமுனையில் நிற்கிறாராம். நான் போனில் சொன்னதை அவர் அம்மாவிடம் சொல்லித்தான் இருக்கிறார். துக்கத்தில் இருக்கிற பெண் பேசியதை எடுத்துக்கொள்ளாதே, வண்டியை எடு என்றிருக்கிறார் அம்மா. ஆனால் வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குள் கூப்பிடாமல் வரமாட்டேன் என்று மகன் முனையிலேயே நின்றுவிட்டாராம்.

அண்ணன் தலைக்கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதமாக, தெருமுனையில் நிற்கிறவரை லுங்கிக்காரர் என்றுதான் அண்ணன் சொல்வார். அந்த லுங்கிக்காரர் வந்தாரா, அந்த லுங்கிக்காரர் போன் பண்ணினாரா என்று.

"இன்னா பாப்பா பார்த்துக்கினு நிக்கிற? மாப்பிள்ளைய எவ்ளோ நேரம் வெயில்ல நிக்க வெப்ப? போய்க் கூட்டிக்கினு வா" என்றார்.

நான் போனேன். வேப்பமர நிழல் பக்கத்திலேயே இருந்தும், ஆள் வெயிலில்தான் நின்றிருந்தார். நிழலில் நின்றால் எங்கள் வீட்டு வாசல் தெரியாதாம். என்னைப் பார்த்ததும், சாப்டியா என்றார். அந்த மனிதருக்கு வேறு பேச்சே தெரியாது.

அடுத்த ஞாயிறு முதல் ஓலை. பூசையின் நடுவில் சாமியார் புது போப்பின் பெயரைச் சொல்லும்போது, பழைய பெயர் வாய்வரை வந்து ஒரு நொடி தடுமாறினார். நற்கருணை கொடுத்து முடிந்ததும் அண்ணன் எழுந்து மைக்குக்குப் போனார். தோளில் அந்தத் துண்டு. கெபி நன்கொடை, தெருவாரியாகக் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம், எல்லாம் வாசித்துவிட்டுக் கடைசியில் என் பெயருக்கு வந்தார். இன்னாருடைய மகன் என்று குடியாத்தத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக, தப்பில்லாமல் வாசித்தார். இன்னாருடைய மகள் என்று எங்கள் அப்பாவின் பெயரைக் கொஞ்சம் உரக்கவே வாசித்தார்.

ஓலையின் கடைசியில் எப்போதும் வருகிற வரி ஒன்று உண்டு. அதையும் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் உடனே தெரிவிக்க வேண்டும். வழக்கமாக அதை ஓட்டமாக வாசித்துவிட்டு இறங்கிவிடுவார். அன்று வாசித்துவிட்டு நின்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆண்கள் பக்கம் பார்த்தார், பெண்கள் பக்கம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அண்ணி என் முட்டியில் கையை வைத்தார். தடை ஒன்றும் இல்லை என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அண்ணன் இறங்கி வந்தார்.